பேட்டரி இல்லாத சிவப்புப் புள்ளி

மருமகன் துப்பாக்கி வாங்கி வந்துவிட்டார் என்றுதான் முதலில் அலறினேன். சாப்பாட்டு மேசையில், நான் பொரித்து வைத்த மீனுக்குப் பக்கத்தில், ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புக் குழல் ஒன்று கிடந்தது.

"துப்பாக்கி இல்ல மாமி. துப்பாக்கி மேல மாட்டிக் குறி பாக்குத சாமான். பட்டாளத்துல கழிச்சுப் போட்டது."

துபாய்ப் பக்கத்து அல் ஐன் ஊரில், கேமரா, பைனாகுலர் பழுதுபார்க்கிற கடையில் அவருக்கு வேலை. மகள் நர்ஸ். விசிட் விசாவில் வந்த எனக்கு எல்லாவற்றையும் வேடிக்கை பார்ப்பதுதான் டூட்டி. அதற்கு நான் ஒருநாளும் லீவு போட்டதில்லை.

குழல் ஒரு அரபிக்காரருடையது. அவருடைய அப்பா வைத்திருந்தது. அப்பா இப்போது இல்லை. மகன் சுடுகிற ஆள் இல்லை, ராஜாளி வளர்க்கிறவர். அதைப் படம் பிடிக்க முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் வைத்திருக்கிறார். லென்ஸ் பெரிதாக ஆக, அதற்குள் தெரிகிற வானம் சிறிதாகிவிடுமாம். பறவை எங்கே என்று தேடுவதற்குள் அது அடுத்த மணல்மேட்டுக்குப் போய்விடும். அதனால் அப்பாவின் குழலைச் சுத்தம் செய்து, கேமராவின் தலையில் மாட்டித் தரக் கேட்டிருந்தார். பேட்டரி கிடையாது. முன்பக்கத்துச் சிவப்புப் பிளாஸ்டிக் வெயிலை வாங்கி, உள்ளே ஒரு புள்ளியாகக் காட்டும்; புள்ளியைப் பறவை மேல் வைத்தால் லென்ஸும் அதையே பார்க்கும்.

மருமகன் காது குடையும் பஞ்சால் கண்ணாடியில் பிடித்த பூஞ்சையைத் துடைத்தார். அலுமினியத்தை அராவி ஒரு அடிக்கட்டை செய்தார். எல்லாம் முடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தவரின் முகம் வாடிவிட்டது. உள்ளே ஒரே இருட்டு. நடுவில் சிவப்புப் புள்ளி மட்டும். வெளியே எதுவும் தெரியவில்லை.

"முன்பக்கம் அடச்சிருக்கு மாமி. உள்ள கண்ணாடி ஒடஞ்சதுன்னு எவனோ அடச்சுப் போட்டுருக்கான். ஓட்ட போட்டாத்தான் வெளிய தெரியும்."

"ஒடஞ்சிட்டுன்னா?"

"அதாம் பயமா இருக்கு. அவரு அப்பா சாமான். ஒடஞ்சா வேற எங்க போயி வாங்கிக் குடுக்க? நாளைக்குக் காலையில வேற வாறாரு."

டிரில்லை பிளக்கில் செருகிவிட்டார். ஓட்டை போடும் முன் நானும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டாமா? குழலை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். எதிர்க் கட்டடத்து ஏசி பெட்டியில் ஒரு புறா இருந்தது. தினமும் எங்கள் கொடித்துணியை அசிங்கம் பண்ணுகிற அதே புறா.

"மக்கா, இந்தச் சனியன் நெத்தியில பொட்டு வச்சிருக்குலா!"

மருமகன் ஓடி வந்து குழலைப் பிடுங்கிப் பார்த்தார். "எங்க மாமி? புறாவே இல்ல."

நான் வாங்கிப் பார்த்தேன். பொட்டோடு உட்கார்ந்திருந்தது. அவர் பார்த்தார், இருட்டு. டூட்டி முடிந்து வந்த மகள் செருப்பைக் கழற்றிக்கொண்டே எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"ஏங்க, அம்மாக்கு ஒத்தக் கண்ண மட்டும் மூடத் தெரியாதுலா!"

உண்மைதான். கல்யாணம் ஆன புதிதில் என் வீட்டுக்காரர் கோயில் திருவிழாக் கூட்டத்தில் கண்ணடித்தார். நானும் ஆசையாகப் பதிலுக்கு அடித்தேன், இரண்டு கண்ணாலும். எனக்குத் தூக்கம் வருகிறதென்று வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்.

மருமகன் மெல்ல இரண்டு கண்ணையும் திறந்தார். ஒரு கண் புள்ளியைப் பார்க்கும், மற்றக் கண் புறாவைப் பார்க்கும், நம் தலை இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். குழலை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். முன்பக்கம் அடைத்திருப்பதே அதன் அமைப்பு, உடைசல் எதுவும் இல்லை. டிரில் பெட்டிக்குள் போனது. மீனைச் சூடாக்கக் கூடச் சொல்லாமல் மூன்று துண்டு சாப்பிட்டார்.

மறுநாள் அரபிக்காரர் வந்து அழைக்க, அவர் வண்டியிலேயே எல்லோரும் மணற்காட்டுக்குப் போனோம். மருமகன் குழலைக் கேமராவில் மாட்டி, தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துப் பார்த்து, லென்ஸின் நடுவும் புள்ளியும் ஒரே இடத்தில் விழும்படி திருகினார். அரபிக்காரர் கேமராவை வாங்கி ஒற்றைக் கண்ணை இறுக மூடினார்.

"மாஃபி ஷூஃப்!" என்றார். ஒன்றும் தெரியவில்லையாம்.

மருமகன் இந்தியில் தடுமாறுவதற்குள் நான் முன்னால் போய், என் கண் இரண்டையும் விரலால் விரித்துக் காட்டினேன். "ரெண்டையும் தொறங்க, சாரே!"

திறந்தார். திறந்தபடியே நின்றார். பிறகு சட்டென்று சிரித்து, ராஜாளியைக் கையில் வைத்திருந்த வேலையாளிடம் அதைப் பறக்கவிடச் சொன்னார். அது சுழன்ற பக்கமெல்லாம் கேமராவும் சுழன்றது. படத்தில் இறக்கை நுனி முதல் நகம் வரை முழுப் பறவை.

அவர் அரபியில் நிறையப் பேசினார். ஆஸ்பத்திரியில் அரபி பழகிய மகள் எனக்குச் சொன்னாள்: "அவங்க அப்பா சுடும்போ ரெண்டு கண்ணும் தொறந்துதான் இருக்குமாம். குறி பாக்கத் தெரியாத மனுசன்னு பிள்ளேளு எல்லாரும் கேலி பண்ணுவாங்களாம்."

பறவை வேலையாளின் கைக்குத் திரும்பி, இறைச்சியைத் தின்று முடித்து, அடுத்த சுற்றுக்குக் கத்தியது. அவர் காதில் வாங்கவில்லை. இரண்டு கண்ணையும் அகலத் திறந்து, குழலில் ஒன்றை வைத்து, மணல்மேட்டையும் வண்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கத்தாத மக்கா," என்று ராஜாளியிடம் சொன்னேன். "அவரு பாத்து முடிக்கட்டும்."