சாவு வீட்டில் இடம் பார்க்கிறவள்

யூனியா ஓர் இடத்தை விலை பேசப் போனால் முதலில் பத்திரத்தைக் கேட்கமாட்டாள். அந்த ஊரில் ஒரு சாவு விழட்டும் என்று காத்திருப்பாள்.

சாவு வீட்டுக்கு எங்கள் பக்கத்தில் அழைப்பு கிடையாது. கொமெஸி என்கிற நீள அங்கியை உடுத்தி, இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டி, வாசல் கூடையில் கொஞ்சம் சில்லிங் காசு போட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்தால், நீ யார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அடக்கத்துக்கு முன் மைக் பிடிக்கிறவர், செத்தவருடைய பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் ஒவ்வொருவராக எழுப்பி நிறுத்துவார். ஊருக்குத் தெரியாமல் பிறந்த பிள்ளையும் அன்றைக்குத்தான் எழுந்து நிற்கும். எந்த மண் யாருக்குப் பாத்தியம், எந்த வேலி எந்த வருஷம் நகர்ந்தது என்பதெல்லாம் பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் வாயிலிருந்து வரும்.

ஒருமுறை ஓர் ஆள், “நான் ஒத்தப் புள்ளம்மா, வில்லங்கமே கிடையாது” என்று அடித்துச் சொல்லி ஒரு துண்டு நிலத்தைக் காட்டினான். ஊர்த்தலைவரின் முத்திரையும் வைத்திருந்தான். யூனியா ஏழு வாரம் இழுத்தடித்தாள். அவனுடைய சித்தப்பா செத்தார். மைக்கில் கூப்பிட்டபோது அந்த ஒத்தைப் பிள்ளைக்கு நான்கு அக்காமார்களும் ஒரு மாற்றாந்தாய் மகனும் எழுந்து நின்றார்கள். யூனியா மத்தோக்கே வாழைக்காய் மசியலையும் கடலைக் குழம்பையும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறினாள்.

கம்பாலா சந்தையில் அவளுக்குப் பழைய திரைச்சீலை வியாபாரம். ஒற்றை அறைக் குடித்தனத்தில் முதலில் வாங்கும் சாமான் திரைச்சீலைதான். கட்டிலை ஒருபக்கம் மறைத்தால்தான் மறுபக்கம் விருந்தாளி உட்கார முடியும். அதனால் ஜனம் எந்தச் சாலையோரம் குடியேறுகிறது என்பது தரகர்களுக்கு முன் யூனியாவுக்குத் தெரிந்துவிடும். கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் இரண்டு வருஷம் மூடிக் கிடந்தபோது அதே ஆட்கள் அந்தத் திரைச்சீலைகளைத் துவைக்காமல்கூடக் கொண்டுவந்து, “பாதி வெலைக்காவது எடுத்துக்கக்கா, ஊருக்குப் போறோம்” என்று நின்றார்கள். வீடு கட்டி வாடகைக்கு விட்டவர்கள் காலி அறைகளைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் இடம் எதுவும் வாங்கியிருக்கவில்லை. தப்பித்தாள்.

ஆனால் கையில் வைத்திருந்த பணம் தப்பிக்கவில்லை. சோப்பு இரண்டு மடங்கு ஆயிற்று, பெட்ரோல் ஏறிற்று, சிமென்ட் மூட்டை மாதத்துக்கு ஒரு விலை சொல்லிற்று. பத்து அறை கட்டலாம் என்று சேர்த்த பணம் எட்டு அறைக்கு வந்து, பிறகு ஏழுக்கு வந்தது. தரகன் ஒருவன் கடைக்கே வந்து ஏசினான்.

“அக்கா, பதினொரு வருசமா எடம் பாக்குறீங்க. நான் காட்டினப்போ காடா இருந்த எடத்துல இப்ப மாடி வீடு நிக்குது. ஊர் ஊரா எழவுச் சோறு தின்னதுதான் மிச்சம்.”

“சோறாவது மிஞ்சிச்சே. ஒங்கிட்ட வாங்கினவனுக்கு என்னப்பா மிஞ்சிச்சு?”

கடைசியில் அவளுடைய அப்பா யொசியாதான் முடித்துவைத்தார். நகரத்திலிருந்து வடக்கே போகும் சாலையை அவர் ஊர்வரை அகலப்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். காப்பிச் செடிக்குப் பின்னால் கால் ஏக்கர் சும்மா கிடந்தது.

“இங்க கட்டேன். இங்க யாரச் சந்தேகப்படுவ?” என்றார்.

யூனியா சிரித்தாள். அப்பாவிடம் எவளாவது பத்திரம் கேட்பாளா? ஆறு அறைகள் ஒரே வரிசையில், லைன் வீடாகக் கட்டினாள். குடிவந்த ஒவ்வொருவருக்கும் சாவியோடு ஒரு திரைச்சீலையை இனாமாகக் கொடுத்தாள். கப்பலில் மொத்தமாக வந்த சரக்கு, நீலத் துணியில் வெள்ளைக் கொக்கு. ஊரெல்லாம் காகிதம் கேட்டவள், தன் பதினோரு வருஷத்தை ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் மண்ணில் போட்டாள்.

மூன்றாம் வருஷம் யொசியா செத்துப்போனார்.

அடக்கத்தன்று பலா மரத்தடியில் பந்தல் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் துக்க அடையாளமாக மரப்பட்டைத் துணியில் ஒரு துண்டு கிழித்து நெஞ்சில் குத்தியிருந்தார்கள். அண்ணன் எரிசா, ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வேதம் வாசிக்கிறவர், வந்தவர்களைக் கைபிடித்து உட்காரவைத்துக்கொண்டிருந்தார். அப்பாவின் இடத்தில் உட்காரப்போகிற வாரிசு அவர்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. தம்பி கெசிரோனி சமையல் கொட்டகைப் பக்கம் விறகு போட்டுக்கொண்டிருந்தான். பைக் டாக்சி ஓட்டுகிறவன். கையில் காசு தங்காது.

யூனியா அழுதுகொண்டேதான் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும். புதுக் கொமெஸி, அதற்குப் பொருந்தாத மூடின செருப்பு, அதில் செம்மண். அந்த மண் வாசலில் கிடையாது, காப்பிச் செடிக்குப் பின்னால்தான் உண்டு. ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. துண்டு குத்தி அழுகிறவர்களைத் தலை தலையாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

யூனியாவின் கண்ணீர் நின்றுவிட்டது. கண்ணாடியில் தன்னைப் பார்த்ததுபோல இருந்தது. எங்கள் மண்ணை ஒருத்தி விலை பேசியிருக்கிறாள். விற்கிறது யார்?

அவள் மனம் தேடவே இல்லை, நேராகக் கெசிரோனியிடம் போய் நின்றது. கொட்டகைக்குப் பின்னால் அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

“யாருடா அவ? எவ்வளவு வாங்கின?”

“எவ?”

“நடிக்காத. அந்தத் தரகன் பயலுவளோட சுத்துறவன் நீதானே?”

கெசிரோனி விறகைக் கீழே போட்டான். “அப்பா இன்னும் மண்ணுக்குள்ளகூடப் போகலக்கா. ஒன் லைன் வீட்டுத் தண்ணி மோட்டாரு ரிப்பேரானா ராத்திரி வந்து பாக்குறதுக்கு நான் வேணும். எவனாவது வித்தான்னாலும் அதுவும் நான்தான், இல்ல?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“சொல்லமாட்டேன். போ, நீயே துப்புக் கண்டுபிடி. அதுல நீ கெட்டிக்காரி.”

அவள் நெஞ்சிலிருந்த துண்டைக் கழற்றிக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள். சுற்றிக்கொண்டு வந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கொஞ்சம் தள்ளி எனக்கும் பாய் குடும்மா.”

“உக்காருங்க, உக்காருங்க. பாய் என்ன எங்கப்பன் வீட்டுதா?”

என் அப்பன் வீட்டுப் பாய் என்று யூனியா சொல்லவில்லை. “செத்தவரு ஒங்களுக்கு என்ன வேணும்?” என்றாள்.

“தூரத்துச் சொந்தம்.”

“எனக்கும் தூரம்தான்.” யூனியா குரலைத் தாழ்த்தினாள். “ரோட்டுலேருந்து நானூறு அடி தூரம். அந்தக் காப்பிச் செடிக்குப் பின்னால இருக்கிற எடம்.”

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “நீங்களும் சாவு வீட்டுல பாக்குற ஆளா! நான் மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன். ஆனா நீங்க பிந்திட்டீங்க அக்கா. அட்வான்ஸ் குடுத்து ரெண்டு வாரமாச்சு.”

இரண்டு வாரத்துக்கு முன் யொசியா ஆஸ்பத்திரியில் கஞ்சி கேட்டுக்கொண்டிருந்தார்.

“குடுத்துவச்சவ நீ. யாருகிட்ட குடுத்த?”

அந்தப் பெண் உதட்டைக் குவித்து ஒரு பக்கமாகக் காட்டினாள். யூனியா திரும்பிப் பார்த்தாள். அங்கே எரிசா பாட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர்த்தலைவருக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

“லைன் வீட்டோட சேத்துத்தான். ஆறு ரூம்பு, கரண்ட் தண்ணி எல்லாம் இருக்கு. அவரே கட்டினாராம். ஒரு தங்கச்சி இருக்காளாம், டவுனுல துணி விக்கிறவ, எப்பவோ பங்கு வாங்கிட்டுப் போயிட்டாளாம். எதுக்கும் இருக்கட்டுமேன்னு மைக்குல என்ன சொல்றாங்கன்னு பாக்க வந்தேன். யாரும் வாய் தொறக்கலேன்னா நாளைக்கு மிச்சத்தையும் குடுத்துடுவேன்.”

யாரும் வாய் திறக்கவில்லை என்றால். அதன் பொருள் யூனியாவைவிட யாருக்குத் தெரியும்? எத்தனை பந்தல்களில் அந்த மௌனத்துக்காகவே அவள் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் அப்பாவின் பெட்டிக்கு முன்னால் மகள் சொத்து பேசினாள் என்றால், அந்தச் சொல் அவள் சாகிறவரை பின்னால் வரும். பேசாவிட்டால் நாளைக்கு ஆறு அறையும் போய்விடும்.

மைக் கரகரத்தது. “யொசியாவோட பிள்ளைங்க முன்னால வரணும். பேரையும் இருக்கிற எடத்தையும் சொல்லணும்.”

எரிசா முதலில் சொன்னார். அடுத்து, “யூனியா!” என்று கூப்பிட்டார்கள். அவள் கையை விரித்து, கசங்கின துண்டை எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டு எழுந்தாள். பக்கத்துப் பெண்ணின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

யூனியா பெண்கள் வழக்கப்படி மண்டியிட்டு மைக்கை வாங்கினாள். “நான் யூனியா. கம்பாலாவுல திரைச்சீலை யாவாரம்.”

“போதும்மா, அடுத்த ஆளுகிட்ட குடு,” என்றார் மைக் பிடிக்கிறவர்.

“ஒரு நிமிசம் அண்ணே. எங்கப்பாவுக்கு மரியாதை செய்ய என் லைன் வீட்டுக் குடித்தனக்காரங்க ஆறு பேரும் வந்திருக்காங்க. அவங்களுக்கு நான் நன்றி சொல்லணும். கொஞ்சம் எந்திரிங்க.”

தயங்கித் தயங்கி எழுந்தார்கள். நான்கு பெண்கள், இரண்டு ஆண்கள்.

“நர்சம்மா, ஒங்களுக்குச் சாவி குடுத்தது யாரு?”

“நீங்கதான்.”

“நீங்க டீச்சர்?”

“நீங்கதான்மா. திரைச்சீலையும் நீங்கதான் குடுத்தீங்க. கொக்குப் போட்டது.”

“ஆறு வீட்டுலயும் அதே கொக்குதான்,” என்றார் கடைசியில் நின்ற தச்சர். “எந்த வீட்டுக் கொடியில எவன் துணின்னே தெரியல.” பந்தலில் சிரிப்பு கிளம்பி, பெட்டியைப் பார்த்ததும் அடங்கியது.

முன்வரிசையில் ஊர்த்தலைவர் தலையை ஆட்டினார். குலத்துப் பெரியவர் ஒருவர், “கேட்டாச்சு. ஊரும் கேட்டாச்சு. மைக்கக் குடு,” என்றார். எரிசா நிமிரவில்லை, பாட்டுப் புத்தகத்தில் ஏதோ பக்கம் தேடிக்கொண்டிருந்தார். கெசிரோனி மைக்கை அதன் அடிப்பக்கமாகப் பிடித்து, அவள் விரல் படாமல் வாங்கிக்கொண்டான். பேரை மட்டும் சொன்னான்.

மண் மூடி முடிந்ததும் செம்மண் செருப்புக்காரி நேராக எரிசாவிடம் போனாள். அவர்கள் பேசினது யாருக்கும் கேட்கவில்லை. சாவு வீட்டில் இடம் பார்க்க வருகிறவள் சாப்பிடாமல் போகமாட்டாள். அவள் அன்று சாப்பிடாமல் போனாள்.

எரிசா பிறகு தங்கையிடம் சொன்னது ஒன்றுதான். “ரோடு முடியறதுக்குள்ள விக்கணும் யூனியா. முடிஞ்சா எல்லாரும் விப்பாங்க, அப்ப எவன் வாங்குவான்? ஒம் பங்க ஒனக்குக் குடுத்துடலாம்னுதான் இருந்தேன்.”

“குடுத்துட்டேன்னுதானே அவகிட்ட சொன்ன?”

புதன்கிழமை ஊர்த்தலைவர் வீட்டில் காகிதம் எழுதினார்கள். ஆறு அறைகளும் அவற்றின் கீழுள்ள மண்ணும் யூனியாவுக்கு. எரிசா கண்ணாடி போட்டு வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கெசிரோனி வாசலில் பைக் எஞ்சினை அணைக்காமலே உள்ளே வந்தான். படிக்கவில்லை. போட்டான்.

“படிச்சுப் பாத்துக்கக்கா. வேற பேரு கீரு போட்டிருக்கப் போறேன்.”

“கெசிரோனி,” என்றாள் யூனியா.

அவன் வெளியே போய்விட்டான். பைக் சத்தம் சாலை திரும்பும்வரை கேட்டது. ஊர்த்தலைவர் முத்திரைக்கு மை தேட உள்ளே போயிருந்தார். யூனியா காகிதத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, தம்பியின் கையெழுத்தை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தாள்.