இடது கால் செருப்பு

எடை நிறுக்கும் நாளை நான் இன்றைக்கும் வெறுக்கிறேன். இரத்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாதம் ஒருமுறை பிள்ளைகளைத் தராசில் தொங்கவிட்டு, அட்டையில் புள்ளி வைப்பார்கள். அப்போது மூன்று வயதான என் மகளின் புள்ளி நாலு மாதமாக ஏறவேயில்லை.

எடை குறைந்த பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் சத்துமாவைக் காட்டி, எடை போட வந்த மருத்துவ மாது எல்லார் முன்னாலும் கேட்டாள்: "திரிபோஷா மாவ யாரு திங்கிறது? புள்ளையா, நீங்களா?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அத்தோடு விட்டாளா? "மாமன் மகனையே கட்டிக்கிட்டா புள்ள இப்படித்தான் பொறக்கும்" என்றாள். என் புருஷன் என் தாய்மாமன் மகன்தான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப்பேர் அப்படிக் கட்டியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் நன்றாகத்தான் ஓடித் திரிகிறார்கள்.

அந்த ஆத்திரத்தை வீட்டுக்கு வந்து மகள்மேல் காட்டினேன். மாவை உருண்டை பிடித்து வாயில் திணித்தேன். "நாக்கு எரியுதும்மா" என்று அழுதாள். சாப்பிடாமலிருக்க நாடகம் போடுகிறாள் என்று தொடையில் கிள்ளினேன். இரண்டு வாரம் கழித்து, முகம் வெளிறி, விளையாடப் போகாமல் வாசற்படியிலேயே படுத்துக்கொண்டபோதுதான் வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கு வழவழவென்று, தோல் உரித்ததுபோலச் சிவந்து கிடந்தது.

மாத்தளையில் பிள்ளைகளைப் பார்க்கும் டாக்டரிடம் நானும் என் புருஷனும் அவளைத் தூக்கிக்கொண்டு போனோம். இரத்தம் குறைவு என்றார் டாக்டர். நீங்கள் இருவரும் சொந்தமா என்று சிங்களத்தில் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கோ அது மருத்துவ மாதின் குரலாகவே கேட்டது. "இல்ல" என்றேன். என் புருஷன் திடுக்கிட்டுத் திரும்பினார். ஒரு முறைப்பில் அவர் வாயை அடைத்தேன்.

இரும்புச்சத்துப் பாணியும் ஈரலும் முட்டையும் கொடுக்கச் சொன்னார்கள். மூன்று மாதம் கொடுத்தேன், ஒன்றும் உடம்பில் ஒட்டவில்லை. "காலுல எறும்பு ஊருதும்மா" என்பாள். நான் எறும்பைத் தேடினேன், முட்டாள்.

ஒருநாள் பகல், இரத்தோட்டையில் பஸ்ஸை விட்டிறங்கி நடந்துகொண்டிருந்தோம். பின்னால் வந்த ஒருவர் கூப்பிட்டு, மகளின் இடது கால் செருப்பை நீட்டினார். பாலத்தடியிலேயே கழன்று விழுந்ததாம். கொதிக்கிற தார் ரோட்டில் அவ்வளவு தூரமும் வெறுங்காலோடு நடந்திருக்கிறாள். அவளுக்குத் தெரியவேயில்லை.

வீட்டுக்குப் போகாமல் அடுத்த பஸ்ஸில் மாத்தளை டாக்டரிடமே அவளைக் கொண்டுபோனேன். "நாங்க சொந்தம் சார். அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்" என்றேன். அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவரோ வேறு இரத்தப் பரிசோதனை எழுதினார்.

சாப்பாட்டிலிருக்கும் பி பன்னிரண்டு விற்றமினை அவள் குடல் எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் இருவருக்குள்ளும் சத்தமில்லாமல் கிடந்த கோளாறு, இரண்டு பக்கமும் சேர்ந்து அவளுக்கு வந்திருக்கிறது. ஆயுள் முழுக்க ஊசி. ஊசி போட்ட பத்து நாளில் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து இன்னும் சோறு கேட்டாள். காலில் மட்டும் கொஞ்சம் மரப்பு தங்கிவிட்டது. முன்னாலேயே வந்திருந்தால் அதுவும் போயிருக்கும் என்றார் டாக்டர்.

மருத்துவ மாது சொன்னதில் பாதி சரி. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. ஒரு தாயிடம் சொல்லவேண்டியதை முகத்தில் காறித் துப்புகிற மாதிரிச் சொன்னாள். அவளை நான் மன்னிக்கப்போவதில்லை.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. போன மாதம் ஊசி போட்டுவிட்டுப் படியிறங்கும்போது கேட்டாள்: "ஏம்மா, நீங்க சொந்தமான்னு டாக்டர் மொதல்லயே கேக்கலையா?"

"இல்ல பாப்பா" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். இடது காலில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு அடுத்த படியில் கால் வைத்தாள்.