வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்ன என் படம்

2001ஆம் ஆண்டு. வவுனியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மேல் மாடியில் இருந்த கம்பியூட்டர் வகுப்பில்தான் இது நடந்தது. இதைச் சொல்லத் தொடங்கினாலே எனக்கு இன்றும் கோபம் வரும். அதனால் நிதானமாகச் சொல்லுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் ஊர் அக்கராயன். சண்டையில் இடம்பெயர்ந்து மல்லாவியில் கொட்டில் போட்டு இருந்தோம். அங்கே ஒருநாள் விழுந்து வெடித்த செல்லின் துண்டு பட்டு அம்மாவின் கால் பழுதாகியது. புண் ஆறவே இல்லை. மல்லாவியில் மருந்தும் இல்லை. அப்பா முன்பே இறந்துவிட்டதால், அம்மாவை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நானே பார்த்துக்கொண்டேன்.

எங்களைப் போல, புலிகளின் கையில் இருந்த வன்னிக்குள்ளிருந்து வந்தவர்கள் அப்போது இராணுவத்தின் கையில் இருந்த வவுனியாவில் நினைத்தபடி இருந்துவிட முடியாது. தங்குவதற்குப் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். அது முடிய முடியப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வவுனியாவில் நிரந்தரமாக இருக்கும் ஒருவர், எங்களுக்குத் தான் பொறுப்பு என்று வந்து கையெழுத்து வைக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் இடத்தில், நாங்கள் நல்ல சனங்கள்தான் என்று இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது.

நான் உயர்தர வகுப்பில் கணிதம் படித்தவள். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. சுவிஸில் இருந்த மாமா, இனிக் கம்பியூட்டருக்குத்தான் காலம் என்று சொல்லி வகுப்புக் காசை அனுப்பினார். அப்படித்தான் அந்த மாடிப்படியில் ஏறினேன்.

வகுப்பை நடத்தியவரை நாங்கள் சேர் என்போம். உள்ளதைச் சொல்ல வேண்டும், மனிதர் நன்றாகப் படிப்பித்தார். அந்த வருடம் மின்வெட்டுக் கடுமை. கரண்ட் போனதும் சோக்கட்டியை எடுத்து, ஒரு கம்பியூட்டரோடு இன்னொன்றை எப்படி இணைப்பது என்று சீமெந்துத் தரையில் கீறிக் காட்டுவார். பழுதான பெட்டிகளைக் கழற்றிப் பூட்டச் சொல்லுவார். எனக்குக் கை பழகியது அங்கேதான். எங்கள் பாஸுக்குப் பொறுப்பாகக் கையெழுத்து வைத்ததும் அவர்தான். "எங்கட பிள்ளையளுக்கு நான் நிக்காமல் வேற ஆர் நிக்கிறது?" என்றார். அன்றிலிருந்து அம்மா விளக்கேற்றும்போது அவருக்கும் சேர்த்துத்தான் கும்பிடுவா.

வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நடத்தும் பரீட்சை ஒன்று இருந்தது. கொழும்பில்தான் எழுத வேண்டும். அந்தச் சான்றிதழ் மட்டும் கையில் இருந்தால் கொழும்பில் ஒரு கம்பனி எங்களை எடுக்கக் காத்திருக்கிறது என்றும், தான் எல்லாம் பேசிவிட்டதாகவும் சேர் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் நம்பினோம். நம்பாமல் இருக்க எங்களிடம் வேறு என்ன இருந்தது?

கொழும்புக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் என் பையில் இருந்த வயர்த்துண்டைக் கண்டு இறக்கிவிட்டார்கள். பழகுவதற்காக வைத்திருந்த சாதாரண நெட்வேர்க் வயர். அது எதற்கு என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொல்லிச் சொல்லி வாய் வறண்டுவிட்டது. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் ஏறிக் கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதினேன். பதில்களை முடித்த உடனேயே நான் சித்தியடைந்து தேறிவிட்டதாகத் திரையில் வந்தது. அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன்.

மறுநாள் சேர் சொன்ன கம்பனிக்குப் போனேன். ஆள் எடுக்கும் பகுதியில் இருந்த பெண் மரியாதையாக உட்காரவைத்துத் தேநீர் தந்தா. பிறகு சொன்னா, இந்த வருடம் யாரையும் எடுக்கவில்லை, வெளிநாட்டு வேலைகள் எல்லாம் நின்றுவிட்டன, உள்ளே இருப்பவர்களில் பாதிப்பேரையே அனுப்பப் போகிறார்கள் என்று. எங்கள் சேரின் பெயரைச் சொன்னேன். அப்படி ஒருவரைத் தனக்குத் தெரியாது என்றா. சான்றிதழைத் திருப்பித் தந்து, இது நல்ல சான்றிதழ், பத்திரமாக வைத்திருங்கள் என்றா. பத்திரமாக வைத்து என்ன செய்வது?

திரும்பி வந்து சேரிடம் கேட்டேன். நிலைமை சரியில்லை, கொஞ்சம் பொறும், ஆள் மாறியிருக்கும் என்று மழுப்பினார். அப்போதுகூட எனக்கு அவர்மேல் முழுக் கோபம் வரவில்லை. வகுப்பின் பதிவுக்கு என்று என் படம் ஒன்று கேட்டார். ஸ்ரூடியோவில் எடுத்துக் கொடுத்தேன்.

சில கிழமைகள் கழித்து, ஒரு பகல் வேளை, எங்கள் அறை வாசலில் ஒரு அம்மா வழி விசாரித்துக்கொண்டு மகளோடு வந்து நின்றா. மலையகத்திலிருந்து இனக் கலவர காலத்தில் விரட்டப்பட்டு வந்து வவுனியாவுக்கு வெளியே ஒரு கிராமத்தில் குடியேறிய குடும்பம். தோட்டங்களில் கூலிக்கு வேலை செய்பவ. வெயிலில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கையில் ஒரு துண்டுப்பிரசுரம் வைத்திருந்தா.

"இது நீங்கதானுங்களே? லீவுல வந்திருக்கீங்களா?"

வாங்கிப் பார்த்தேன். என் படம். என் பெயர். கீழே, எமது மாணவி, கொழும்பில் பிரபல நிறுவனத்தில் கம்பியூட்டர் பொறியியலாளராகப் பணிபுரிகிறார் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்கும் கீழே, நீங்கள் ஏன் தயங்குகிறீர்கள் என்று ஒரு வரி.

எனக்கு வேலை இல்லை, இது பொய், மகளைச் சேர்க்க வேண்டாம் என்று சொன்னேன். நான் நினைத்தது, அந்த அம்மா எனக்கு நன்றி சொல்லுவா என்று. அவவின் முகம் மாறியது.

"ஒனக்குக் கெடச்சது எம் புள்ளைக்குக் கெடைக்கக் கூடாதுன்னு சொல்றியாம்மா? மாட்ட வித்துக் கட்டிட்டு வந்திருக்கேன். எங்க புள்ளைங்கன்னா கூலிக்குத்தான் போவணுமா?"

மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டா. அந்தப் பிள்ளை திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனது. எனக்கு அந்த அம்மாவில் கோபம் இல்லை. என் முகத்தைக் காட்டி ஒருத்தியின் மாட்டைப் பறித்துவிட்டார்களே என்ற கோபம்.

அப்படியே நடந்து வகுப்புக்குப் போனேன். படிக்கட்டின் அடியில் புதிய பலகை. அதிலும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மேலே போய், படத்தை எடுக்கச் சொன்னேன்.

"இஞ்ச பாரும் பிள்ளை, இண்டைக்கு இல்லாட்டி நாளைக்குக் கிடைக்கும்தானே. அதை முன்கூட்டிப் போட்டிருக்கு. இதில என்ன பொய்?"

"எனக்குக் கிடைக்கேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும் சேர். மாடு வித்துக் காசு கட்டுதுகள் சனம்."

அவர் குரலை உயர்த்தவில்லை. மேசையில் இருந்த பேனையை எடுத்து மூடினார்.

"உம்மட பாஸுக்கு ஆர் கையெழுத்து வைக்கிறதெண்டு மறந்து போனீரோ?"

அந்த ஒரு வசனம்தான். இவ்வளவு நாளும் உதவி என்று நாங்கள் கும்பிட்டது, கழுத்தில் கட்டிய கயிறு என்று அப்போதுதான் விளங்கியது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "வாயைப் பொத்திக்கொண்டிரு பிள்ளை. என்ர கால் ஆறட்டும். ஊரைத் திருத்த நாங்கள் ஆர்?" என்றா. அவ சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயமே என் கோபத்தை இன்னும் கூட்டியது.

ஞாயிற்றுக்கிழமை புதிய பிள்ளைகளைச் சேர்ப்பதற்குப் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். மாடி நிறையச் சனம். சேர் பேசிக்கொண்டிருக்கும்போது எழும்பினேன். துண்டுப்பிரசுரத்தில் இருப்பது நான், பரீட்சையில் சித்தியடைந்தது உண்மை, வேலை கிடைத்தது பொய், கொழும்பில் இப்போது யாரையும் எடுக்கிறார்கள் இல்லை என்று சொன்னேன். படிப்பு நல்லது, படிக்க விரும்பினால் படியுங்கள், வேலை காத்திருக்கிறது என்று நம்பி உள்ளதை விற்காதீர்கள் என்றும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை நிறுத்தவில்லை.

சேர் சிரித்தார். "பாவம், வேலை கிடைக்காத விரக்தியில கதைக்கிறா" என்றார். சிலர் சிரித்தார்கள். ஒன்றிரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் வரிசையில் நின்று காசு கட்டினார்கள். ஆம், நான் அவ்வளவு சொல்லியும் கட்டினார்கள். பிள்ளையை எப்படியாவது கரை சேர்க்க நினைக்கிற சனத்துக்குப் பொய்தான் இனித்தது. கீழே இறங்கியதும் பலகையில் இருந்த என் படத்தைப் பிய்த்து எடுத்தேன். நகம் கிழிந்து இரத்தம் வந்தது.

அடுத்த முறை பாஸ் புதுப்பிக்கும் நாள் நெருங்கியபோது, இனித் தான் பொறுப்பு இல்லை என்று சேர் சொல்லியனுப்பினார். வீட்டுக்காரரைக் கேட்டோம். "குறை நினையாதையுங்கோ அக்கா. நாளைக்கு ஏதும் நடந்தால் எங்களைத்தான் பிடிப்பினம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். தெரிந்தவர்கள் எல்லோரும் அதையேதான் வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டா. ஆறாத புண்ணோடு மல்லாவிக்குத் திரும்பிப் போக, பேசாமலே உடுப்புகளை மடித்து வைத்தா. கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போதுதான் அந்த மாடு விற்ற அம்மா மறுபடி வந்தா. தனியாக. உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே பேசினா.

"அன்னிக்கு நீ பேசுனது எனக்குப் புடிக்கல. கோவத்துல நேரா அந்த சேர்கிட்டப் போனேன். எந்தக் கம்பனின்னு சொல்லுங்க, நானே கொழும்புக்குப் போயிப் பாத்துட்டு வந்துடுறேன்னு கேட்டேன். பேரச் சொல்ல மாட்டேங்குறாரு. காச வாங்காம எறங்க மாட்டேன்னு படியிலயே உக்காந்துட்டேன்."

காசைத் திருப்பி வாங்கிவிட்டா. சந்தையில் யாரோ எங்கள் பாஸ் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினா. "நான் வந்து நிக்கிறேன்" என்றா.

அம்மாதான் கேட்டா, எங்களை உங்களுக்குத் தெரியாதே, ஏன் இந்த ஆபத்து என்று. அதற்கு அவ சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன்: "எங்கள வெரட்டுனப்ப, எங்களுக்கும் யாரும் பொறுப்பு நிக்கலம்மா."

அடுத்த நாள் நாங்கள் மூவரும் போன பாஸ் கொடுக்கும் கந்தோரில் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்ததும், இந்தப் பிள்ளை உனக்கு என்ன முறை என்று மேசையில் இருந்தவர் அதட்டினார். நான் தலையைக் குனிந்தேன். அந்த அம்மா குனியவில்லை.

"சொந்தமில்லைங்க. தெரிஞ்ச புள்ள. பொய் பேசாது. அது போதாதுங்களா?"

அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையெழுத்து வைக்கும் இடத்தை விரலால் காட்டினார். அந்த அம்மா பேனையை இறுக்கிப் பிடித்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினா.

அம்மாவின் கால் ஆறியது. கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தா, ஆனால் நடந்தா. நான் வவுனியாவிலேயே ஒரு கடையில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்து, பிறகு கம்பியூட்டர் திருத்தப் பழகி, நாடு கொஞ்சம் அமைதியான காலத்தில் நெட்வேர்க் வேலைக்குள் நுழைந்தேன். கொழும்பில் எடுத்த அந்தச் சான்றிதழ் அப்போது உதவியது. இன்று என்னிடம் வேலை கேட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். இடம் இல்லாவிட்டால் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லிவிடுவேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை.

அந்த வகுப்புப் பிறகும் பல வருடம் நடந்தது. வேறு யாரோ ஒரு பிள்ளையின் படம் பலகையில் சிரித்தது. மாடு விற்ற அம்மாவின் மகள் கம்பியூட்டரே படிக்கவில்லை. தையல் தொழிற்சாலைக்குப் போனாள். அவளுக்கு நான் என்ன நல்லது செய்தேன் என்று இன்றும் யோசிக்கிறேன்.

கோபம் மனிதனைக் கெடுக்கும் என்று பலர் எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரு வேலைக்காக ஏங்கி நிற்கும் பிள்ளையின் ஆசையை யாராவது விலை பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம் அன்றைய கோபம் அப்படியே எழும்பி வருகிறது, அதை அடக்க நான் ஒருநாளும் முயன்றதில்லை.