ஐந்து கண் பாலம்

ரங்கூனை அடுத்த இன்சீன் ரயில் பட்டறையில் அப்பா தச்சர். ரயில் பெட்டிகளுக்கு ஜன்னல் சட்டம் செய்வது அவர் வேலை. எனக்கு எட்டு வயதான அந்த மழைக்காலத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும் உளியையும் இழைப்புளியையும் துணியில் சுற்றிக்கொண்டு துரை பங்களாவுக்குப் போகத் தொடங்கினார். வீட்டில் தம்பி பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் இருந்தால் குழந்தையைத் தூங்க விடமாட்டேன் என்று அம்மா என்னையும் அவரோடு அனுப்பிவிடுவாள்.

துரை அயர்லாந்துக்காரர், பட்டறையில் ஃபோர்மன். ரங்கூனுக்கு வருமுன் நாகப்பட்டினத்தில் வேலை பார்த்தவர் என்பதால் தமிழ் பேசுவார். சின்னவர் பெரியவர் எல்லாரையும் ‘நீ’ என்று அழைக்கும் தமிழ். தனி ஆள். பங்களாவின் பின்பக்க வராந்தாவில், இரண்டு கட்டில் நீளத்துக்குப் பலகை போட்டு, தன் ஊர் ரயில் பாதையைச் சின்னதாகச் செய்துகொண்டிருந்தார்.

முதல் ஞாயிறே தகராறு. அப்பா பர்மா ரயில் கணக்கில் தண்டவாளங்களை நெருக்கி ஒட்டிவிட்டார். துரை அடிக்கோலை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“எங்க ஊர் லைன் இன்னும் அகலம், மேஸ்திரி.”

அப்பா முழுவதையும் பிரித்து மறுபடி ஒட்டினார். பட்டறையில் ஓர் ஆணியைப் பிடுங்கச் சொன்னாலும் முணுமுணுக்கிறவர், அங்கே ஒன்றும் சொல்லவில்லை.

மலைகளைச் சாக்குத்துணியால் செய்தார்கள். அதன்மேல் பசை தடவி, பச்சைச் சாயம் போட்ட மரத்தூளைத் தூவினார்கள்.

“எல்லாமே பச்சையா தொரே?” என்றார் அப்பா.

“எல்லாம் பச்சை.”

“வயல்ல ஆளக் காணோமே?”

“ஆள் எல்லாம் கப்பல் ஏறிப் போச்சு. ஆடு மட்டும் இருக்கு.”

“அது சரி, எங்க ஊரு கததான்” என்று அப்பா சிரித்தார்.

அந்த ஆடுகள் என் பொறுப்பு. இலவம்பஞ்சை உருட்டி, தீக்குச்சிகளைக் கால்களாகச் செருக வேண்டும். நான் எனக்குத் தெரிந்த ஆட்டைச் செய்தேன். துரை அதைத் தூக்கிப் பார்த்து, “இன்னும் குண்டு, பாப்பா” என்றார். தலையணை மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்தேன். அதுதான் சரி என்றார். அப்பாவுக்கோ கடைசிவரை அது ஆடு என்று நம்பிக்கை வரவில்லை.

எல்லாவற்றிலும் அழகு பாலம். ஆற்றின்மேல் ஐந்து கண் கொண்ட கல்பாலம். துரையிடம் இருந்த ஒரு போட்டோவைப் பார்த்து அப்பா தேக்கில் செதுக்கி, கல் கல்லாகக் கோடு கீறிச் சாம்பல் வண்ணம் பூசினார். சாவி கொடுத்த இன்ஜின் முதல்முறையாக அதைக் கடந்தபோது, பட்டறையே பயப்படும் துரை கன்னத்தை உப்பி வாயாலேயே விசில் ஊதினார்.

அன்று அவர்கள் உள்ளே டீ குடிக்கப் போனதும், நான் என் ஆடுகளைப் பாலத்தின்மேல் வரிசையாக நிறுத்தினேன். ஒன்று சாய்ந்தது. அதை நிமிர்த்தக் கையை ஊன்றினேன். ‘டிக்’ என்றது. நடுக்கண்ணுக்கு மேலே கைப்பிடிச் சுவரில் ஒரு கீறல். அதை மறைத்து, இருப்பதிலேயே குண்டான ஆட்டை வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாகப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு வயிற்றுவலி என்றேன். அம்மா நம்பவில்லை.

வராந்தாவில் துரை ஷேவ் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கடிதம். பாலத்தின் நடுக்கண் இல்லை. ரம்பத்தால் அறுத்து எடுத்த துண்டு தரையில் கிடந்தது. இன்ஜின் பள்ளத்துக்கு முன்னால் நின்றது.

“யாரு தொரே இப்படிப் பண்ணது?” அப்பாவின் குரல் உயர்ந்தது.

எனக்கு அழுகை வெடித்தது. “நாந்தாம்பா ஒடச்சேன்! ஆடு நிக்கல, கைய வச்சுட்டேன்!”

அப்பா என் பக்கம் திரும்புவதற்குள் துரை என்னை அருகே இழுத்துக்கொண்டார்.

“நீ இல்லே பாப்பா. நான்தான் அறுத்தேன். அங்கே பாலம் போச்சு, அதனாலே இங்கேயும் வேண்டாம்.”

“அங்க யாரு ஒடச்சா?”

“என் தம்பி.”

எனக்குக் கண்ணீர் நின்றுவிட்டது. தம்பிகள் என்றாலே தொல்லை என்பது அந்த ஒரு மாதத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. என் வயதில் ஒரு செம்பட்டைத்தலைப் பையன், கையில் தடியோடு, கண்முன் வந்து நின்றான்.

திரும்பும்போது தேங்கிய தண்ணீரில் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. வீட்டில் அம்மாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். “பாவம், அண்ணன் தம்பி ரெண்டே பேருதானாம்” என்பது மட்டும் என் காதில் விழுந்தது. அம்மா தூங்கிக்கொண்டிருந்த தம்பியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நான் அவனைத் தூங்க விடுவதில்லை என்று சொல்கிறவள், தானே எழுப்பிவிட்டாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆங்கிலேயர் அயர்லாந்தை விட்டுப்போன கையோடு அந்த ஊரார் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள் என்பதும், ஒரு பக்கத்தார் ரயில் பாலங்களுக்கு வெடி வைத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியவந்தது பல வருடங்கள் கழித்துத்தான். அந்தக் கடிதத்தில் பாலத்தைப் பற்றி மட்டும் எழுதியிருக்கவில்லை, தம்பியைப் பற்றியும் எழுதியிருந்தது.

அடுத்த ஞாயிறு அப்பா புதிய கண் ஒன்றைச் செய்து எடுத்துப் போனார். துரை வேண்டாம் என்று கையசைத்தார். அப்பா படியிலேயே நனைந்துகொண்டு நின்றார்.

“ரயிலு பாதியில நிக்குது தொரே. ஆடெல்லாம் அந்தப் பக்கம் தனியா கெடக்கு.”

துரை எழுந்து நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்.

அப்பா ஒட்டி முடித்ததும் இன்ஜினுக்குச் சாவி கொடுக்கும் வேலையை என்னிடம் தந்தார்கள். அது நிற்காமல் பாலத்தைக் கடந்தது. துரை விசில் ஊதவில்லை. எனக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது.

“ஒங்க தம்பி மறுபடியும் வந்து ஒடச்சிட்டா?”

அப்பா என் தோளைப் பிடித்து அழுத்தினார். துரை என் தலையில் கை வைத்தார்.

“இல்லே பாப்பா. அவன் இனி உடைக்க மாட்டான்.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டில் நன்றாக உதைத்துத் திருத்தியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஆடுகளைப் பாலத்தின்மேல் ஒவ்வொன்றாக ஏற்றினேன்.