‘நீர்’ என்று எழுதியது பிழையில்லை

எங்கள் அக்கா எம்மைப் பிரிந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பொறுமையின் சிகரம் என்று எழுதச் சொன்னார்கள். பொறுமை அக்காவிடம் இருந்தது; தங்கையான எனக்கு இல்லை. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

சாவகச்சேரியில் பிறந்த அக்கா, சிறுமியாகச் சுவிற்சர்லாந்தின் லா ஷோ-து-ஃபோன் நகருக்கு வந்தார். அப்பாவுக்கு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் இருந்த கட்டடத்தில் மாடிக்கு மாடி போர்த்துக்கல் குடும்பங்கள். படிக்கட்டில் விளையாடியே அவர்களின் மொழியைப் பிடித்த அக்கா, பின்னர் அதையே பல்கலைக்கழகத்தில் கற்று, புதன் பிற்பகல்களில் அவர்களின் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்.

“எங்களைப் பிடிச்சு ஆண்டவங்கட பாஷை உனக்கு என்னத்துக்குப் பிள்ளை?” என்று கேட்காத உறவினர் இல்லை.

“நீங்கள் சட்டை வைக்கிற அலுமாரியும் அவங்கட சொல்லுத்தான், மாமா” என்பார் அக்கா.

வகுப்பில் பிரேசில் பிள்ளைகளும் இருந்தார்கள். ‘வொசே’ என்ற சொல்லால்தான் வில்லங்கம். பிரேசிலில் அது எவரையும் அழைக்கும் சாதாரணச் சொல். போர்த்துக்கலில் பெரியவர்களிடம் சொன்னால் மரியாதைக் குறைவு. ஒரு பிரேசில் சிறுமி, பக்கத்து வீட்டுப் போர்த்துக்கல் அம்மாவுக்கு எழுதிய பிறந்தநாள் வாழ்த்தில் அதைப் போட்டுவிட்டாள். அந்த அம்மா கோபத்தோடு வகுப்புக்கே வந்துவிட்டார்.

அக்கா வீட்டில் சொல்லிச் சிரித்தார்: “இது எங்கட யாழ்ப்பாணத்து ‘நீர்’ தானே! பாடன் ரவுணில ஒரு சென்னைக்காரரை ‘நீர் எங்க வேலை செய்யிறீர்’ எண்டு மரியாதையாக் கேட்டன். நக்கலடிக்கிறன் எண்டு நினைச்சு மனுசன் எழும்பிப் போட்டார்.”

அதன்பின் அவர் சிவப்புப் பேனையைத் தொடவில்லை. யன்னலைச் சாத்தச் சொல்லி அம்மாவுக்கு, தோழிக்கு, அதிபருக்கு எழுதுங்கள் என்பார். எழுதியதைப் பிள்ளைகள் உரக்க வாசிக்க, அந்தச் சொல் யார் வீட்டில் செல்லும், யார் வீட்டில் செல்லாது என்று வகுப்பே வாதாடும். அப்படித்தான் கற்றார்கள். பெற்றோர் சிலரோ “பிழை திருத்தத் தெரியாத ரீச்சர்” என்றார்கள். ஐயோ, எனக்கு இன்னும் வயிறு எரிகிறது!

அந்த எழுத்துகளைப் புத்தகமாக்குவதே அக்காவின் கடைசி ஆசை. எல்லாவற்றையும் ஒரே மாதிரித் திருத்தினால்தான் அச்சிடலாம் என்றார் வகுப்புகளுக்குப் பொறுப்பானவர். புற்றுநோயோடு படுத்திருந்தும் அக்கா தொலைபேசியில் மன்றாடினார்: “திருத்தினால் அது என்ர எழுத்து, பிள்ளையளின்ர இல்லை.” செவிடன் காதில் ஊதிய சங்கு. புத்தகம் வரவில்லை. அக்கா போய்விட்டார்.

கடைசிவரை பராமரித்த தாதியருக்கும், இறுதிநாளில் பனியில் நின்ற உறவுகளுக்கும், வாரந்தோறும் சூப் கொண்டுவந்த, அன்று கோபித்த அதே போர்த்துக்கல் அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அந்தப் பிரேசில் சிறுமி அனுப்பிய அஞ்சலியை, அவளுடைய ‘வொசே’யை ‘நீர்’ என்றே தமிழாக்கிக் கொடுத்தேன். அச்சகத்துத் தம்பி ‘நீர்’ என்பதை ‘நீங்கள்’ ஆக்கிவிட்டார். “காலமான ரீச்சரை ‘நீர்’ எண்டு போடேலாது அக்கா, சனம் சிரிக்கும்.” சிரித்தால் சிரிக்கட்டும், கை வைக்காதேயும் என்றேன். அவள் எழுதியபடியே இதோ:

“ரீச்சர், நீர் போன பிறகு எல்லோரும் என்னைத் திருத்துகிறார்கள்.”