எல்சாவின் நாக்குக்கு எத்தனை புள்ளி

மாய்கென் ஸ்டூர்பெரி எங்கள் எல்வ்ஹம்ரா நகராட்சியின் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்தவர். ஒருமுறை தண்ணீர்ச் சோதனையில் வரக் கூடாத எண் ஒன்று வந்துவிட்டது. ஊர் முழுவதும் பத்து நாள் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று அறிவித்துவிட்டார். நகராட்சித் தலைவரே போன் செய்து, "கொஞ்சம் குறைச்சுப் போட முடியாதா?" என்று கேட்டார். "எதை, தண்ணியையா?" என்று கேட்டுவிட்டு மாய்கென் போனை வைத்துவிட்டார்.

அப்படிப்பட்டவரை ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்துக்குச் செயலாளராக்கியது யார் யோசனை என்று இப்போது ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. சங்கத்தில் நாங்கள் எதையும் அளப்பதில்லை. காபியும் ஏலக்காய் பன்னும் வைத்துக்கொண்டு பேசுவோம். எல்லோருக்கும் சமமாக வருத்தம் வருகிற இடத்தில் முடிவெடுப்போம்.

போன இலையுதிர் காலத்தில் பழைய புகைப்படங்களைக் கணினியில் ஏற்ற ஒரு ஸ்கேனர் வாங்கினோம். படத்தை அங்குலத்துக்கு எத்தனை புள்ளியாகப் பிரித்து எடுப்பது என்று அந்த இயந்திரம் கேட்டது. கேட்டிருக்கக் கூடாது. எங்களிடம் ஒரு கேள்வி வந்தால் அது கூட்டத்துக்குப் போய்விடும்.

மாய்கென் ஆயிரத்து இருநூறு என்றார். தலைவர் யிங்வே ஹல்லர்ஸ்டீன் நூறு போதும் என்றார்; இல்லாவிட்டால் கணினி நிரம்பிவிடுமாம். பொருளாளர் இருநூறு என்றார். வேறொருவர் அறுநூறு என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். கடைசியில் முந்நூறு என்று ஏகமனதாக முடிவாயிற்று. நானும் கை தூக்கினேன். பன் ஆறிக்கொண்டிருந்தது.

"இது அபிப்பிராயம் இல்ல, யிங்வே," என்றார் மாய்கென். "படம் எவ்வளவு சின்னது, அதை எவ்வளவு பெரிசாக்கப் போறோம், அவ்வளவுதான். வெறும் பெருக்கல்."

"உன் கருத்தைக் கூட்டக் குறிப்புல சேர்த்துக்கலாம்," என்றார் யிங்வே பெருந்தன்மையாக. குறிப்பை எழுதுவதே மாய்கென்தான்.

வசந்தத்தில் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. புதிய சுகாதார நிலையத்தின் காத்திருப்பு அறைச் சுவரில் மூன்று மீட்டர் அகலத்துக்கு ஊரின் பழைய படம் ஒன்றை மாட்ட வேண்டும். ஜூன் ஆறாம் தேதி திறப்பு விழா. அவர்கள் கேட்டது 1947ஆம் ஆண்டின் படம்: மரக்கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டு ஆலைக்கு ஓட்டிய கோஷ்டி, பதினான்கு ஆண்களும் ஒரு பெண்ணும், கரையில் வரிசையாக நிற்பது.

அந்தப் பெண் கோஷ்டியின் சமையல்காரி எல்சா பிரென்வால். அவர் பக்கத்திலிருக்கும் மேஸ்திரியைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறார் என்பது அவர் மகன் தாகே ஐம்பது வருஷமாகச் சொல்லிவருவது. நாக்கும் இல்லை, ஒன்றும் இல்லை, உதட்டைக் கடித்திருக்கிறார் என்பது யிங்வே சொல்லிவருவது. மேஸ்திரி, யிங்வேயின் தாத்தா. ஒன்பது சென்டிமீட்டர் அகலப் படத்தில் எல்சாவின் முகம் ஒரு பருப்பளவுதான் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர்களும் அவரவர் உறவுமுறைப்படிதான் பார்த்தார்கள்.

1994இல் சங்கம் ஒரு புத்தகம் போட்டது. படத்துக்கு என்ன குறிப்பு எழுதுவது என்று மூன்று கூட்டம் நடந்து, 'நாக்கின் நுனி ஒருவேளை தெரிவதாகவும் கருத இடமுண்டு' என்று அச்சானது. தாகே அன்றே சங்கத்தை விட்டு விலகினார். எங்கள் ஊரில் அதற்கு மேல் கோபப்பட வழி கிடையாது.

படத்தின் ஒரே அசல் இருப்பது தாகே வீட்டில்; அவரிடம் போய் அதைக் கேட்கும் வேலை மாய்கென் தலையில் விழுந்தது. மூன்று மீட்டர் என்று கேட்டதும் தாகே யோசித்தார்.

"அவ்வளவு பெரிசுல நாக்கு இருந்தா தெரியுமில்ல?"

"இருந்தா தெரியும். இல்லேன்னா இல்லேன்னு தெரியும்."

"ஒரு தடவைதான் தருவேன், மாய்கென். ஒரு வாரம். திரும்ப வந்து வாசல்ல நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன்," என்று மாய்கென் வாக்குக் கொடுத்தார். முந்நூறில் எடுத்தார், ஆறாம் நாள் படத்தைத் திருப்பிக் கொடுத்தார், கோப்பைப் பக்கத்து நகரத்து அச்சகத்துக்கு அனுப்பினார். அச்சகத்து யானிக்கே மறுநாள் போன் செய்தாள்.

"இது தபால்தலைக்கா?"

"மூணு மீட்டர் சுவருக்கு."

"குறுக்கே முந்நூத்தம்பது புள்ளிதான் இருக்கு. நாலாயிரமாவது வேணும். அந்தம்மா மூஞ்சி குறுக்கே பன்னெண்டு புள்ளிதான்."

"நாக்கு?"

"எந்த நாக்கு?"

மாய்கென் பென்சிலை எடுத்தார். ஒன்பது சென்டிமீட்டர் என்பது மூன்றரை அங்குலம். முந்நூறால் பெருக்கினால் ஆயிரத்துச் சொச்சம் வர வேண்டும். வந்திருப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது திரை முந்நூறு என்கிறது, இயந்திரம் நூறில் எடுக்கிறது. சங்கம் தப்பான எண்ணை முடிவு செய்தது போதாதென்று இயந்திரம் அந்தத் தப்பைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை.

மூன்று வாரம் போராடினார். சோதனைக்கு யார் வீட்டுப் படமும் வேண்டாம் என்று தன் ஓட்டுநர் உரிமத்தையே வைத்து எடுத்தார். கண்ணாடியைச் சாராயம் தொட்டுத் துடைத்தார். கம்பியை மாற்றினார். மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்ப நிறுவினார். நிறுவும்போதெல்லாம் அது 'பழைய அமைப்புகளை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?' என்று பணிவாகக் கேட்டது, கூட்டத்தில் முடிவானதை மாற்ற நமக்கென்ன உரிமை என்று இவரும் ஒவ்வொரு முறையும் சரி என்றார். உதவி எண்ணுக்கு அடித்தார். வரிசையில் முப்பத்தேழாவது ஆள். நாற்பது நிமிஷப் பாட்டுக்குப் பிறகு ஒரு குரல், "அணைச்சுட்டுத் திரும்பப் போட்டுப் பாத்தீங்களா?" என்றது.

"பதினோரு தடவை. நேரம் போட்டு எழுதி வச்சிருக்கேன், படிக்கட்டுமா?"

குரல் வேண்டாம் என்றது.

நோட்டுப் புத்தகத்தில் நாற்பத்தொரு சோதனைகள் ஏறின. நாற்பத்தொன்றிலும் நூறு. ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு கருவி இருந்திருந்தால் ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன் என்று என்னிடம் சொன்னார். இது சங்கச் சொத்து. எறிவதற்கும் கூட்டம் போட வேண்டும்.

இடையில் யிங்வே, "இதுக்கா இத்தனை பாடு, தள்ளு," என்று கணினி முன் உட்கார்ந்தார். கோப்பைத் திறந்தார், அகலம் என்ற கட்டத்தில் முந்நூற்றைம்பதை அழித்து நாலாயிரம் என்று தட்டினார், சேமித்தார். "பாத்தியா? நாலாயிரம்." அதை மாய்கெனுக்குச் சொல்லாமலே அச்சகத்துக்கும் அனுப்பினார்.

யானிக்கே மாய்கெனைத்தான் பிடித்தாள். "யாரு பாத்த வேலை இது? ஒரு டம்ளர் பழரசத்துல ஒரு வாளி தண்ணிய ஊத்திட்டு இப்ப ஒரு வாளி பழரசம் இருக்குன்னு அனுப்பிருக்காங்க. பதினஞ்சு பேரும் ஓட்ஸ் கஞ்சி மாதிரி இருக்காங்க. திரும்ப எடுக்கணும், மாய்கென். அசல் படத்துலேர்ந்து. வெள்ளிக்கிழமைக்குள்ள."

அது திங்கட்கிழமை. தாகே வீட்டை விற்றுவிட்டு வியாழனன்று நார்வேயில் இருக்கும் மகளிடம் குடிபோகிறார், படமும் போகிறது. திரும்ப வாசலில் நிற்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. ஆயிரத்து இருநூறில் எடுக்கச் சங்கத்தின் அனுமதி இல்லை. அடுத்த கூட்டம் ஆகஸ்டில். "அவசரக் கூட்டம் போடு," என்று மாய்கென் கேட்டதற்கு, "அவசரக் கூட்டத்துக்குப் பதினாலு நாள் முன்னறிவிப்பு வேணும்," என்றார் யிங்வே. அந்த விதியை எழுதியதும் மாய்கென்தான்.

அந்த இயந்திரத்திடம் முந்நூறைத் தவிர வேறு எண் எதையும் அதுவரை ஒருவரும் கேட்டுப் பார்த்ததில்லை. புதன்கிழமை காலை மாய்கென் சங்கக் கட்டடத்தைத் திறந்தார். தோட்டத்துக் கைவண்டியில் கம்பளியை விரித்து ஸ்கேனரை வைத்தார், மேலே கணினி, அதன் மேல் மழைக்கோட்டு. ஊரின் பிரதான சாலையில் தள்ளிக்கொண்டு போனார். பார்த்தவர்கள் தலையசைத்தார்கள், என்ன இது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் நிற்காமல் சுற்றிப் போய்ச் சமையலறை ஜன்னலைத் தட்டினார்.

"ஒரு தடவைன்னு சொன்னேனே," என்றார் தாகே.

"இரவல் கேக்க வரல. படம் உன் வீட்டை விட்டு நகராது. மெஷின்தான் வந்திருக்கு."

"முதல் தடவை எடுத்தது என்னாச்சு?"

"நான் ஆயிரத்து இருநூறு கேட்டேன். கூட்டத்துல முந்நூறு குடுத்தாங்க. மெஷின் நூறு குடுத்துச்சு."

தாகே ஜன்னல் வழியே எட்டிக் கைவண்டியைப் பார்த்தார். "இப்ப எவ்வளவுல எடுக்கப் போற?"

"ஆயிரத்து இருநூறு."

"யிங்வேக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஷூவைக் கழட்டிட்டு உள்ள வா."

சாமான்களெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டன. மேஜை மட்டும் இருந்தது. மாய்கென் படத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து, ஆயிரத்து இருநூறு என்று தட்டி, பொத்தானை அழுத்தினார். ஒளிக்கோடு ஒரே ஓட்டமாக ஓடி முடித்தது. அந்த வேகத்தைப் பார்த்ததுமே அவர் குனிந்து எண்ணைத் தேடினார். அகலம்: முந்நூற்றைம்பது புள்ளி.

"நாசமாப் போக," என்றார் மாய்கென். அவர் வாயில் அப்படி ஒரு சொல் வந்ததை ஊரில் கேட்ட ஒரே ஆள் தாகே.

"சங்கத்து மெஷின்தான? அதுவும் விட்டுக்குடுத்துப் பழகியிருக்கும்."

"பேசாம இரு, தாகே."

மாய்கென் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு, மூன்று வாரமாகச் சரி சரி என்று காப்பாற்றிவந்த அந்தப் பழைய அமைப்புகளை ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசித்தார். மொழி, காகித அளவு, நிறம், கோப்பின் பெயர். நான்காவது பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'மின்னஞ்சலில் அனுப்ப வசதியாகப் படங்களைச் சிறிதாக்கு'. அதன் பக்கத்தில் ஒரு சின்னச் சரிக்குறி. மேலே எத்தனை கேட்டாலும், கீழே அந்தக் குறி எல்லாவற்றையும் நூறுக்கு இறக்கிக்கொண்டிருந்தது.

மென்பொருளை முதலில் நிறுவியது யிங்வே. அவர் வேண்டுமென்றே போட்டார் என்று நான் சொல்லவில்லை. சங்கத்தில் முந்நூறு என்று கை தூக்கினோம், அவர் கேட்ட நூறுதான் கிடைத்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மாய்கென் குறியை எடுத்தார். திரும்ப அழுத்தினார். இந்த முறை ஒளிக்கோடு ஊர்ந்தது. தாகே காபி ஊற்றி முடிக்கும்வரை ஊர்ந்தது. அகலம் நாலாயிரத்து இருநூற்றைம்பது. எல்சாவின் முகத்தைப் பெரிதாக்கினார்கள், இன்னும் பெரிதாக்கினார்கள்.

தாகே திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"வெளியதான் இருக்கு," என்றார் தாகே.

"ஆமா. கொஞ்சம் இடது பக்கமா."

"எங்கம்மா எதையும் ஒருவேளைன்னு செஞ்சதில்ல." கோப்பையை மாய்கென் பக்கம் நகர்த்தினார். "பால் இல்ல. ஃப்ரிட்ஜை நேத்தே வித்துட்டேன்."

ஜூன் ஆறாம் தேதி காத்திருப்பு அறையில் கொடி, கேக், காகிதக் கோப்பையில் காபி. சுவரில் மூன்று மீட்டர். எல்சாவின் முகம் உள்ளங்கை அளவு இருந்தது, நாக்கு விரல் நகம் அளவு. ஆனால் நாக்கு. மேஸ்திரியின் முகமும் தெளிவாகத் தெரிந்தது. அவர் எதையும் கவனிக்காமல் கேமராவுக்கு மார்பை விரித்துக்கொண்டு நின்றார். மக்கள் கோப்பையோடு வரிசையாக வந்து ஒரே இடத்தில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கேக் பக்கம் போனார்கள். போகும்போது தோள்கள் மட்டும் குலுங்கின.

யிங்வே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நீண்ட நேரம் நின்றார்.

"கொஞ்சம் தேவைக்கு மேல துல்லியமா இருக்கு, இல்லையா?"

"ஆயிரத்து இருநூறு," என்றார் மாய்கென். "யாரையும் கேக்காம மெஷினை எடுத்துட்டுப் போனேன். ரெண்டையும் நானே குறிப்புல எழுதிட்டேன்."

ஆகஸ்டுக் கூட்டத்தில் விஷயம் வந்தது. முந்நூறு என்று சிலர், ஆயிரத்து இருநூறு என்று மாய்கென். எழுநூற்றைம்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று. இயந்திரத்தில் அறுநூறுக்கு அடுத்தது ஆயிரத்து இருநூறுதான், நடுவில் ஒன்றும் கிடையாது என்று மாய்கென் சொன்னார். அதை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. குழுவில் நானும் இருக்கிறேன். இன்னும் கூடவில்லை.

யிங்வேக்கு வருஷத்தில் நாலு தடவை ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். செப்டம்பரில் தன் பெயரைப் பக்கத்து நகரத்துச் சுகாதார நிலையத்துக்கு மாற்றிக்கொண்டார். போக முப்பது கிலோமீட்டர், வர முப்பது. அங்கே வண்டி நிறுத்த இடம் தாராளமாக இருக்கிறது என்கிறார்.