ராகு காலத்தில் அமெரிக்கத் தேர்தல்

என் நிச்சயதார்த்தத்தைக் கெடுக்கப் பார்த்தது அமெரிக்கா. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு மலாக்காவின் காஜா பேராங்கில் எங்கள் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கழுத்தில் வியர்வை வழியத் திரைக்குப் பின்னால் நின்றவள் நான்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மலாயா சுதந்திரம் அடைய இன்னும் ஐந்து வருடம் இருந்தது. அவசரகாலம். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்ட்டுகளுக்கு அரிசியோ சர்க்கரையோ போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று சாலையில் தடுப்புப் போட்டுப் பொட்டலங்களைப் பிரித்துப் பார்ப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் புக்கிட் ரம்பாயிலிருந்து வாடகைக் காரில் வந்தார்கள், மடியில் சீர்வரிசைத் தட்டுகளோடு. தட்டில் கற்கண்டும் சர்க்கரையும் லட்டும் இருந்தால் போலீஸ்காரர்கள் விடுவார்களா? ஒவ்வொரு தட்டாக இறக்கி, மூடியிருந்த துணியை விலக்கி, இது எதற்கு, அது யாருக்கு என்று கேட்டு முடித்தபோது நல்ல நேரம் போய்விட்டது. எங்கள் வாசலில் கார் நின்றதும் ராகு காலம் பிறந்ததும் ஒன்றாக நடந்தன. ஞாயிற்றுக்கிழமை, நாலரை மணி. ஆறு மணி வரைக்கும் தட்டு மாற்ற முடியாது. இருட்டுவதற்குள் அவர்கள் திரும்பிப் போகவும் வேண்டும்.

ஆண்பிள்ளைகளை ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார வைத்தால் என்ன ஆகும்? பேசுவார்கள். பேச்சு வளர்ந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் என் அப்பாவை எனக்குத் தெரியும். மளிகைக் கடைக்காரர். வாடிக்கையாளரிடம் தேன் ஒழுகப் பேசுவார், கடையை விட்டு வீட்டுக்குள் வந்தால் மூக்கின் நுனியில் கோபம் உட்கார்ந்திருக்கும். அந்த மூக்கு எனக்கும் வந்திருக்கிறது என்று அம்மா சொல்வாள். இதற்கு முன் எனக்கு இரண்டு வரன்கள் பேசி, தேதி வைக்கும் வரைக்கும் வந்து, அவருடைய கோபத்தால் முறிந்து போயின. எனக்கு இருபத்துமூன்று வயது. அந்தக் காலத்தில் அது கிழவி வயது. இதுவும் போனால் என்னைக் கேட்டு இன்னொருவர் வரமாட்டார்.

அது மட்டுமில்லை. இந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று நான் கொடுத்த கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, "சக்கரை கொஞ்சம் கூடிப்போச்சு" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னவர் அவர். அவருடைய அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் உள்ளே ஓடிவந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அன்றே முடிவு செய்துவிட்டேன். நில ஆபீசில் கிளார்க் வேலை, சொந்தத்தில் ஒரு சைக்கிள், போதாதா?

பேச்சைத் தொடங்கி வைத்தவர் பக்கத்து வீட்டுக்காரர். அவர் மலாக்கா செட்டி. பேர் நம் பேர், கும்பிடுவது நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். அதில் அங்கங்கே ஒரு தமிழ் வார்த்தை தலைகாட்டும். நல்ல மனிதர், ஆனால் எங்கே போனாலும் கக்கத்தில் இங்கிலீஷ் பேப்பர். அமெரிக்காவில் அப்போது அதிபர் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. போரில் பேர் வாங்கிய ஒரு தளபதியும் ஒரு மாநிலத்தின் ஆளுநரும் போட்டி. யார் வருகிறார்களோ அதைப் பொறுத்துக் கொரியாச் சண்டை, சண்டையைப் பொறுத்து ரப்பர் விலை, ரப்பர் விலையைப் பொறுத்து எங்கள் கடைக் கல்லா. அதனால் மலாக்காவில் எல்லாருக்கும் அதில் ஒரு கருத்து இருந்தது.

தளபதிதான் முன்னால் இருக்கிறார் என்று மக்களிடம் கேட்டுக் கணித்திருக்கிறார்களாம் என்று செட்டிக்காரர் படித்துச் சொன்னார்.

"அவர்தான் வருவாரு. சந்தேகமே வேணாம்" என்றார் அப்பா.

மாப்பிள்ளையின் அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதி ஆட்களை மேய்ப்பவராக, இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் கிராணி சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. "போன தடவையும் இப்படித்தான் கேட்டு எழுதினானுங்க, சம்பந்தி. தோப்பாருன்னு சொன்ன ஆளு ஜெயிச்சுட்டாரு. நாலு பேரைக் கேட்டா நாடே சொன்னதா ஆயிடுமா?"

"பெலும் தெந்து" என்று செட்டிக்காரர் நடுவில் மலாயில் சமாதானம் சொன்னார். இன்னும் உறுதியில்லை என்று அர்த்தம். எனக்கும் அப்படித்தான் இருந்தது, என் கல்யாணத்தைப் பற்றி.

அதோடு விட்டிருக்கலாம். செட்டிக்காரர் பக்கத்தைத் திருப்பினார். இரண்டு வேட்பாளர்களும் தங்கள் வருமானத்தையும் கட்டிய வரியையும் ஊருக்குத் தெரியக் காட்டிவிட்டார்களாம். ஆளுநர் விவரமாகக் காட்டியிருக்கிறார், தளபதி மேலோட்டமாகக் காட்டியிருக்கிறார். வரி என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். இந்த நாட்டில் வருமான வரி வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன, எந்தக் கடைக்காரருக்கும் அது ஜீரணமாகவில்லை.

"எல்லாத்தையும் தெறந்து காட்டறவன் ஏமாளி. அவனை நம்பி நாட்டைக் குடுப்பாங்களா? தளபதி கெட்டிக்காரரு. காட்ட வேண்டியத மட்டும் காட்டினாரு" என்றார் அப்பா.

"அதெப்படி? மறைக்க ஒண்ணுமில்லாதவன் முழுசா காட்டுவான். நாட்டை ஆள வர்றவன் மடியில கனம் இருக்கலாமா? நாங்க சம்பளக்காரங்க. எங்களுக்கு ஒளிக்க எடமே கெடையாது."

"அப்ப முழுசா காட்டாதவன்லாம் திருடனா?"

"நான் அமெரிக்காக்காரனைச் சொன்னேன், சம்பந்தி."

"அமெரிக்காக்காரனை எதுக்கு என் கடைப் பக்கம் பாத்துக்கிட்டே சொல்றீங்க?"

திரையின் இடுக்கில் நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காபித் தம்ளர் தொடாமலே இருந்தது. அம்மா என் பின்னால் வந்து நின்று, "போய் ஏதாச்சும் சொல்லி நிறுத்தட்டுமா?" என்று கிசுகிசுத்தாள். அம்மா போய் நிறுத்தி நின்ற சண்டை எதுவும் எங்கள் வீட்டு வரலாற்றில் கிடையாது. வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பாவின் குரல் ஏறியது. "கேட்டுக்குங்க. இந்த மலாக்காவுல எந்தக் கடைக்காரன் முழு வியாபாரத்தையும் வரிக்காரன்கிட்ட சொல்றான்? தெங்கேரா கடைத்தெருவுல போய்க் கேளுங்க, சீனன் சொல்றானா? நான் சொல்றேனா? விடியக்காலம் எந்திரிச்சு மூட்டை தூக்கி சம்பாரிக்கிறது நானு. பாதியச் சொல்லுவேன், பாதி எம்புள்ளைக்கு. அவ கழுத்துல போடற நகை எங்கேருந்து வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? இதுல என்னா வெக்கம்?"

பெருமையாகத்தான் சொன்னார். மகளுக்குக் குறை வைக்காத தகப்பன் என்று சம்பந்தி வீட்டுக்குத் தெரியட்டும் என்று சொன்னார். ஆனால் கிராணியின் முகம் சுண்டிப்போனது. பதிலுக்குப் பாய்வார் என்று பார்த்தால், "சரி சரி, அத விடுங்க, மணி என்னா ஆச்சு பாருங்க" என்று பேச்சை மாற்றினார். ஒரு கிராணி அவ்வளவு சுலபத்தில் வாதத்தை விட்டதை நான் பார்த்ததில்லை. எனக்குப் பயம் பிடித்தது.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். "மாமா, நான் ஒண்ணு சொல்லணும்."

"டேய், உக்காரு. தட்டு மாத்தின பொறகு பேசிக்கலாம்" என்றார் கிராணி.

"அப்பறம் சொன்னா ஏமாத்தினதா ஆயிடும்ப்பா." அவர் என் அப்பா பக்கம் திரும்பினார். "போன வாரம் என்னை நில ஆபீசுலேருந்து மாத்திட்டாங்க, மாமா. இப்ப வருமான வரி ஆபீசுல இருக்கேன்."

செட்டிக்காரர் பேப்பரை நாலாக மடித்தார். அமெரிக்காவில் ஆள வருகிறவன் எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்று இவ்வளவு நேரம் வாதாடிய கிராணி, பெண் கேட்டு வந்த இடத்தில் மகனின் வேலையை மடித்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். கடைக்காரர் வீட்டில் வரி ஆபீஸ் என்றால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். தட்டு மாறிவிட்டால் பேச்சு மாற முடியாது என்பதும் தெரியும்.

"சின்ன வேலைதான், சம்பந்தி. உங்க பேரெல்லாம் அவன் மேசைக்கு வராது" என்றார் கிராணி.

"இன்னும் தட்டு மாத்தல. சம்பந்தின்னு கூப்பிடாதீங்க" என்றார் அப்பா.

"வரும், மாமா" என்றார் மாப்பிள்ளை. "காஜா பேராங் கடைங்க எங்க பிரிவுலதான் வருது. இங்க கேட்டத அங்க போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா உங்க கணக்கு என் கைக்கு வந்தா, சரியில்லாதத சரின்னு எழுத மாட்டேன்."

அந்த நிமிடம் அவரை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது. ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொன்னால் என்ன? அதே நிமிடம் அவர் மேலிருந்து கண்ணை எடுக்கவும் முடியவில்லை. முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை.

அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். "அவங்க தட்டையெல்லாம் எடுத்துக் காருல வையி." அம்மா அழ ஆரம்பித்தாள். வெளியே கார்க்காரன் நேரமாகிறது என்று ஹாரன் அடித்தான். கிராணி கையைக் கூப்பினார். ஒரு தோட்டத்தையே அதட்டி வைத்திருந்த மனிதர் கையைக் கூப்பியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா அசையவில்லை.

அப்போதுதான் செட்டிக்காரர் திரையைக் காட்டி, "தாஞா புடாக் து" என்றார். அந்தப் பிள்ளையைக் கேள் என்று.

அப்பா ஒரு விநாடி யோசித்தார். பிறகு சிரித்தார். என் பதிலில் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. "பாப்பா, வெளிய வா" என்றார். வந்தேன். "நீயே சொல்லு தாயி. இந்த வீட்டுக்கு வரிக்காரன் மருமகனா வரலாமா?"

இரண்டு வரன்கள் முறிந்தபோது என்னை யாரும் கேட்கவில்லை. நாடு முழுக்கப் போய்க் கேட்டு எழுதுகிறார்கள், அமெரிக்காவில். என் வீட்டில் என்னை முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான். அதுவும் நான் இல்லை என்றுதான் சொல்வேன் என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கைதான் என் மூக்கின் நுனிக்குக் கோபத்தைக் கொண்டுவந்தது.

"மணி ஆறாச்சு. தட்டை மாத்துங்கப்பா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை. கூடத்தில் இத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டு, கிடைத்த பதிலை இல்லையென்று சொல்ல அவரால் முடியவில்லை. தட்டை எடுத்தார், கொடுத்தார், வாங்கினார். அவர் கையிலிருந்து ஒரு வெற்றிலை நழுவிக் கீழே விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

தேர்தலில் தளபதி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். செட்டிக்காரர் ஓடிவந்து சொன்னபோது அப்பா, "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் பருப்பு நிறுப்பதில் மும்முரமானார். தை மாதம் கல்யாணம் நடந்தது. அப்பா ஒரு குறையும் வைக்கவில்லை. நகையெல்லாம் சொன்னபடி போட்டார். மருமகனை வாங்க என்பார், போய்வாங்க என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். காலம் போனால் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். ஜெயித்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

கல்யாணமாகி முதல் மாதம் சாமான் வாங்கக் கடைக்குப் போனேன். பிறந்த வீட்டுக் கடை. சின்ன வயதிலிருந்து நானே கைவிட்டு எடுத்துச் சாப்பிட்ட பேரீச்சம்பழப் பெட்டி அங்கேதான் இருந்தது. அரிசி, மிளகாய், எண்ணெய் என்று சொன்னேன். அப்பா எல்லாவற்றையும் தானே நிறுத்துக் கட்டினார். பிறகு கல்லாவுக்கு அடியிலிருந்து புத்தம் புதிய ரசீதுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். அந்தக் கடையில் யாருக்கும் அவர் ரசீது எழுதி நான் பார்த்ததில்லை.

ஒவ்வொரு சாமானாக, விலையோடு, நிறுத்தி நிதானமாக எழுதினார். மேலே என் புருஷனின் பெயர். என் பெயர் இல்லை. கிழித்து என் கையில் கொடுத்தார்.

"சரியா இருக்கான்னு அவரைப் பாக்கச் சொல்லு" என்றார். குரலில் கோபமே இல்லை. வாடிக்கையாளரிடம் பேசும் அந்தத் தேன் குரல்.

பணத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறையைக் கொடுத்தார்.